விற்பவர் கையில் விலை இல்லை: மலையகக் கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, மஸ்கெலியா, பொகவந்தலாவ, நோர்வூட், கொட்டகலை, ராகலை ஆகிய நகரங்களில் புடவைக்கடை, நகைக்கடை, பலசரக்குக் கடை, கைத்தொலைபேசிக் கடை, தேயிலை விற்பனை நிலையம் என்பவற்றை நடத்திவரும் மதிப்பிற்குரிய முதலாளிமாருக்கு,

கடையில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் நிலைத்து நிற்பதில்லை, தொழில் பழகிய கையோடு கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள், இருப்பவர்களிடமும் முன்னைய அக்கறையைக் காண முடியவில்லை என்ற மனக்குறை மலையக வர்த்தகர்களிடையே பரவலாகக் கேட்கப்படுகிறது. குறை உண்மையானது, ஆனால் அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் பொறுமையின்மையும் உடம்பு வணங்காமையும் பொருத்தமான விளக்கங்கள் ஆகமாட்டா. ஏனெனில், இதே பிள்ளைகளின் தாய்மார் மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறிக் கொழுந்து பறித்தவர்கள்; உழைப்புக்கு அஞ்சும் வழக்கம் அந்த வீடுகளில் இல்லை. கடைச் சிப்பந்தியைச் சோர்வடையச் செய்வது, தாம் தீர்மானிக்க முடியாத ஒன்றுக்குத் தாமே நாள் முழுவதும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் நிலைமைதான் என்பதையும், அந்த நிலைமையை மாற்றுவது பெரும்பாலும் முதலாளிமாரின் கையிலேயே இருக்கிறது என்பதையும் விளக்குவதே இம்மடலின் நோக்கமாகும்.

மலையகத்தில் விற்பனை வேலை ஒரே வகையானதன்று. ஹட்டன் கடைவீதியில் புடவை விரித்துக் காட்டும் யுவதி, நுவரெலியாவின் பேல் கடைகளில் குளிர் உடுப்பு விற்கும் இளைஞர், ஹட்டன் – நுவரெலியா வீதியோரத்து நிலையங்களில் உல்லாசப் பயணிகளுக்குத் தேயிலையின் கதையைச் சொல்லிப் பொதிகளை விற்போர், டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே பௌர்ணமிவரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணியின் தற்காலிகக் கடைகளில் கண்விழித்து நிற்போர், லொறியில் பிஸ்கட்டும் சவர்க்காரமும் ஏற்றிவந்து தோட்டத்துக் கடைகளில் இறக்கும் ‘ரெப்’ எனப்படும் விற்பனைப் பிரதிநிதிகள், றம்பொடை வளைவுகளில் குறுக்குப் பாதையால் ஓடி ஏறி அதே வாகனத்தை அடுத்த வளைவிலும் எதிர்கொண்டு பூங்கொத்தை நீட்டும் சிறுவர்கள் ஆகிய எல்லோரும் விற்பனையாளர்களே. இவர்களுள் கூலி வாங்கி முதலாளிக்காக விற்பவர்களைப் பற்றியே இங்கு பேசப்படுகிறது; பூ விற்கும் சிறுவர்களின் இடம் பள்ளிக்கூடம் என்பதால் அவர்களின் நிலை தனியாக ஆராயப்பட வேண்டியது.

தோட்டத்துப் பிள்ளைகள் கடைக்கு வந்த வரலாற்றையும் மறந்துவிடலாகாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கிய பின்னர், அரசாங்க உத்தியோகத்தின் கதவு அவர்களுக்கு அடைபட்டிருந்தது. தோட்டத்தில் பேர் பதியாமல் வெளியே பிழைக்க எண்ணியவர்களுக்குத் திறந்திருந்த சில வாசல்களுள் கடைச் சிப்பந்தி வேலையும் ஒன்று. பிரஜாவுரிமைச் சிக்கல் படிப்படியாகத் தீர்ந்து, இறுதியில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சியோருக்கும் வழி பிறந்தபோதும், கடை வேலையை நாடும் வழக்கம் தொடர்ந்தது. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்ற பிள்ளைக்கு முதல் சம்பளத்தையும், லயன் காம்பராவுக்கு வெளியே முதல் அறிமுகத்தையும் இன்றும் பெரும்பாலும் கடையே கொடுக்கிறது. இது முதலாளிமார் பெருமைகொள்ளத்தக்க பணி என்பதில் ஐயமில்லை. அதனாலேயே அவர்களிடம் எதிர்பார்ப்பும் கூடுதலாக இருக்கிறது.

இனி, விற்பனைத் தொழில் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி வரும் மூன்று சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது பயன் தரும். ஒருவர் ஒரு வேலையில் இறங்குவதற்கும், இடைஞ்சல் வந்தபோதும் அதைக் கைவிடாமல் தொடர்வதற்கும், கேட்கப்படாத முயற்சியையும் அதில் செலுத்துவதற்கும் காரணமாகும் உள்உந்துதல் ஊக்கம் எனப்படும். வேலை கோருவதற்கும் அதை நிறைவேற்றச் செய்பவரிடம் இருக்கும் வலு, நேரம், அதிகாரம் ஆகியவற்றுக்கும் இடையே விழும் இடைவெளி நீடிக்கும்போது உடலும் உள்ளமும் படும் பாடு மன அழுத்தமாகும். தன் வேலையை எண்ணிப் பார்க்கையில் ஒருவருக்கு ஏற்படும் நிறைவும் குறையும் சேர்ந்த மொத்த உணர்வு பணித் திருப்தி என்று வழங்கப்படுகிறது. சேர்ச்சில், ஃபோர்ட், வோக்கர் ஆகிய அமெரிக்க அறிஞர் மூவர் விற்பனையாளர்களின் பணித் திருப்தியை அளப்பதற்கென 1974இல் ஓர் அளவுகோலை உருவாக்கியபோது, வேலையின் தன்மை, உடன் வேலை செய்வோர், மேற்பார்வை, நிறுவனத்தின் கொள்கையும் ஆதரவும், சம்பளம், முன்னேற்றம், வாடிக்கையாளர் என ஏழு கூறுகளை வகுத்தனர். சம்பளம் இவற்றுள் ஒன்றே. மலையகக் கடைகளிலோ, சிப்பந்தி சோர்ந்தால் ‘கொமிஷனைக் கூட்டிக் கொடுத்தால் சரியாகிவிடும்’ என்பதே முதலில் நினைவுக்கு வரும் மருந்தாக இருக்கிறது.

விற்பனைத் தொழிலுக்குரிய அழுத்தத்தை விளங்கிக்கொள்ள உதவும் கருத்தொன்றை ரொபர்ட் கான் என்பவரும் அவருடைய சகாக்களும் 1964இல் வெளியிட்ட ஆய்வில் முன்வைத்தனர். ஒருவரிடம் இரு தரப்பினர் ஒன்றோடொன்று பொருந்தாத எதிர்பார்ப்புகளை வைப்பது பங்கு முரண்பாடு என்றும், தன்னிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது, தனது எல்லை எதுவரை என்பது ஒருவருக்கே விளங்காதிருப்பது பங்குத் தெளிவின்மை என்றும் அவர்களால் விளக்கப்பட்டன. விற்பனையாளர் நிறுவனத்தின் விளிம்பில், வாங்குவோரை நேருக்கு நேர் பார்த்து நிற்பவர் என்பதால் இவ்விரண்டும் அவரையே மிகுதியாகத் தாக்குகின்றன. மலையக நகரங்களில் வாங்க வருபவரும் விற்பவரும் ஒரே தோட்டத்தார், சில வேளை ஒரே லயத்தார் என்பதால் முரண்பாடு இன்னும் கூர்மையடைகிறது.

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஹட்டனின் எந்தப் புடவைக்கடையிலும் இதைக் காணலாம். தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கொடுபட்டவுடன், தாய்மார் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு இறங்குகிறார்கள். அந்தப் பணத்துக்குள் கணவனுக்கு ஒரு சேட்டு, மாமியாருக்கு ஒரு சேலை, மூன்று பிள்ளைகளுக்கும் உடுப்பு என ஐந்து பேருக்கும் வாங்கியாக வேண்டும். முகப்பில் நிற்கும் யுவதி அடுத்த டிவிசனைச் சேர்ந்தவர். அந்தத் தாயுடன் கோயில் திருவிழாவில் ஒன்றாக நின்றவர். இருபது சேலைகளை விரித்துக் காட்டிய பிறகு, “நம்ம புள்ளதானே, கொஞ்சம் பார்த்துப் போடும்மா” என்ற வார்த்தை வருகிறது. விலையில் ஐம்பது ரூபாவைக்கூடக் குறைக்கும் அதிகாரம் யுவதிக்கு இல்லை. ஆகவே, “குறைக்க ஏலாது அக்கா” என்று சொல்கிறார். தாயின் முகம் மாறுகிறது. சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே காசாளர் மேசைக்குப் போகிறார். அங்கிருக்கும் முதலாளி பெரிய மனதோடு இருநூறு ரூபாவைக் கழித்துவிடுகிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் எல்லோருக்கும் நன்மை நடந்ததாகவே தோன்றும். உண்மையில், அந்த ஒரு நிமிடத்தில் சிப்பந்திக்கு நேர்ந்த இழப்பு சிறியதன்று. கடையின் விதியைக் காப்பாற்றியவர் கல்நெஞ்சக்காரியாகவும், விதியை வகுத்தவரே அதைத் தளர்த்தி இரக்கமுள்ளவராகவும் வாடிக்கையாளர் கண்ணில் மாறிவிடுகின்றனர். அடுத்த முறை அந்தத் தாய் சிப்பந்தியிடம் விலை பேசமாட்டார், முதலாளியைத் தேடுவார். தோட்டத்துக்குத் திரும்பும் வழியில், ‘அந்தப் புள்ளைக்கு இப்போ கொழுப்பு’ என்ற பேச்சும் எழும். அப்பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்குள் யுவதியின் வீட்டு வாசலுக்கே வந்துசேரும். உண்மையைச் சொன்னதற்காக ஊரிலும், விற்பனை குறைந்ததற்காகக் கடையிலும் ஒருவரே குற்றவாளியாகும்போது, அடுத்த தீபாவளிவரை அவர் அதே முகப்பில் முகமலர்ச்சியோடு நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. முதலாளிமார் இதைத் தீய எண்ணத்தோடு செய்வதில்லை. வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பழைய வழக்கமாகவே செய்கின்றனர். எண்ணம் எதுவானாலும் விளைவு மாறுவதில்லை.

ரொபர்ட் கராசெக் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதற்கான பொது விளக்கத்தைத் தருகிறது. வேலைச் சுமை மட்டும் மனிதரை நோயுறச் செய்வதில்லை என்றும், சுமை கூடியிருக்கும்போது தன் வேலையைத் தானே ஒழுங்குசெய்துகொள்ளும் அதிகாரமும் ஒருவருக்குக் குறைந்திருந்தால் அழுத்தம் உச்சமடைகிறது என்றும், அதே சுமையோடு அதிகாரமும் சேர்ந்திருந்தால் அது கற்றலுக்கும் சுறுசுறுப்புக்கும் வழிவகுக்கிறது என்றும் அவர் விளக்கினார். கடையில் முதலாளியும் சிப்பந்தியைப் போலவே, பல நாட்களில் அவரைவிடக் கூடுதலாகவும் உழைக்கிறார் என்பது உண்மை. அவ்வளவு உழைத்த பிறகும் முதலாளிக்கு மறுநாள் கடை திறக்கும் ஆவல் இருப்பதும், சிப்பந்திக்கு இல்லாதிருப்பதும் உழைப்பின் அளவால் ஏற்பட்ட வேறுபாடுகள் அல்ல என்பதை இக்கோட்பாடு தெளிவாக்குகிறது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்த உண்மையை எல்லார் கண்முன்னும் கொண்டுவந்து நிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. பால்மாவும் மாவும் சீனியும் காலையில் ஒரு விலையிலும் மாலையில் வேறொரு விலையிலும் விற்கப்பட்ட நாட்கள் இருந்தன. ஏசல்களையெல்லாம் கேட்டவர்கள் விலைச்சீட்டை ஒட்டிய சிப்பந்திகளே. விலையை ஏற்றியவர்கள் கடையில் இல்லை, முதலாளியும் அதற்குப் பொறுப்பல்ல. எனினும் சனங்களின் கோபத்துக்கு எட்டும் தூரத்தில் நின்ற ஒரே மனிதர் பலசரக்குக் கடைப் பையன்தான்.

கோபத்தை விழுங்கிக்கொண்டு இன்முகம் காட்டும் இந்த உழைப்புக்கும் ஆய்வாளர் ஒரு பெயர் வைத்துள்ளனர். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஆர்லி ஹோக்சைல்ட் 1983இல் எழுதிய நூலில், கூலிக்காகத் தன் உணர்ச்சியை அடக்கியும் வேறோர் உணர்ச்சியை வரவழைத்தும் காட்டும் வேலை உணர்ச்சி உழைப்பு என விளக்கப்பட்டது. நுவரெலியா வீதியோரத்துத் தேயிலை நிலையத்தில், வாடுதல், உருட்டுதல், நொதித்தல், உலர்த்தல் என்ற அதே விளக்கத்தை அதே புன்னகையோடு நாளொன்றுக்குப் பல தடவை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறிமாறிச் சொல்லி, எதுவும் வாங்காமல் திரும்பும் குழுவையும் கைகூப்பி வழியனுப்பும் யுவதி செய்வதும் இதுவே. மூன்று மொழியில் விற்கத் தெரிந்தவர் என்பது தேர்ச்சியாகக் கணக்கிடப்படுவதில்லை. வாய்ச் சாமர்த்தியமாகவே கொள்ளப்படுகிறது. முன்னேற்றத்துக்கு இடமிருக்கும் கடைகளில் இத்தேர்ச்சிக்குத் தனியான படி ஒன்று வைத்தாலே பலர் தங்கிவிடக்கூடும்.

அடுத்ததாக, மாத இலக்கு எனப்படும் ‘டார்கெட்’ முறையைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் நாளொன்றுக்கு நிர்ணயிக்கப்பட்ட கிலோவைப் பறிக்காதவருக்கு அரைப்பேர் மட்டுமே போடப்படும் வழக்கம், அதாவது நாள் முழுக்க மலையில் நின்றும் அரைநாட் கூலியே கிடைக்கும் வழக்கம், மலையக மக்களின் மனத்தில் ஆறாத மனத்தாங்கலாகப் பதிந்திருக்கிறது. வறட்சி மாதங்களில் கொழுந்து இல்லாத மலையில் கிலோ குறைவது பறிப்பவரின் தவறன்று என்பதை எல்லோரும் அறிவர். அந்த முறையிலிருந்து விலகியே பிள்ளைகள் கடைக்கு வந்தார்கள். கடையில் அவர்களை எதிர்கொள்வது அதே கணக்கு. தோட்டச் சம்பளம் கொடுபடும் 10ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் ஹட்டன் கடைவீதியில் கால் வைக்க இடமிருக்காது. மாதத்தின் மூன்றாம் வாரத்தில் ஈ ஓட்டும் நிலை. நுவரெலியாவில் ஏப்ரல் பருவத்தில் நிரம்பி வழியும் கடை அடைமழைக் காலத்தில் வெறிச்சோடும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுக்காத இலக்கு, ஆளின் முயற்சியை விட்டுவிட்டுப் பருவத்தை அளக்கிறது.

விக்டர் வ்ரூம் 1964இல் முன்வைத்த எதிர்பார்ப்புக் கோட்பாடு இங்கு கைகொடுக்கும். முயன்றால் பலன் விளையும் என்ற நம்பிக்கை, பலன் விளைந்தால் வெகுமதி தவறாது என்ற நம்பிக்கை, அந்த வெகுமதி தனக்கு வேண்டியதுதான் என்ற மதிப்பீடு ஆகிய மூன்றும் சேர்ந்தாலே ஊக்கம் பிறக்கும். ஒன்று அற்றுப்போனாலும் மற்ற இரண்டும் பயனற்றுவிடும் என்பது அதன் சாரம். மூன்றாம் வாரத்தில் எவ்வளவு முயன்றாலும் ஆள் வராது என்று தெரிந்த சிப்பந்திக்குக் கூடுதல் கொமிஷன் அறிவிப்பதால் எந்தப் பயனும் விளையாது. தனியாள் கொமிஷன் இன்னொரு தீங்கையும் கொண்டுவருகிறது. ஒருவர் அரைமணி நேரம் சேலை விரித்துக் காட்டியிருக்க, வாடிக்கையாளர் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வரும்போது அருகில் நின்ற மற்றவர் பில் எழுதிக் கொமிஷனைப் பெற்றுக்கொள்கிறார். மனிதர் தம் உழைப்பையும் ஊதியத்தையும் பக்கத்திலிருப்பவரின் உழைப்போடும் ஊதியத்தோடும் ஒப்பிட்டே நியாயத்தை உணர்கின்றனர் என்று ஸ்டேசி அடம்ஸ் 1963இல் எழுதினார். ஒரே லயத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வரும் இருவருக்கிடையில் அந்த ஒப்பீடு பில் புத்தகத்தோடு முடிவதில்லை. நான்கைந்து பேர் வேலை செய்யும் கடைக்குத் தனியாள் கொமிஷனைவிட, கடையின் மொத்த விற்பனையிலிருந்து எல்லோருக்கும் பகிரப்படும் தொகையே ஏற்றது என்பது இம்மடலின் உறுதியான கருத்து.

ரெப் வேலையில் இருப்பவர்களின் நிலை இதைவிடக் கடினமானது. தோட்டக் கடைக்காரர் கடனுக்குச் சரக்கு எடுத்துவிட்டுத் தவணை தவறும்போது, அந்த நிலுவை ரெப்பின் தலையில் எழுதப்படுமானால், அவர் விற்பனைக்காகக் கூலி பெறுகிறாரா, பிணைக்காகத் தண்டம் கட்டுகிறாரா என்பதே மயங்கிப்போகிறது. கடன் கொடுக்கும் எல்லையை நிறுவனம் தீர்மானித்தால், கடன் வராத நட்டத்தையும் நிறுவனமே ஏற்க வேண்டும்.

உடல் சார்ந்த துன்பம் வெளிப்படையானது என்பதால் அதை நீட்டித்துச் சொல்ல வேண்டியதில்லை. சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், டைல் தரையின் குளிரில், ஆளில்லாத நேரத்திலும் உட்காராமல் நிற்கும் சிப்பந்தியின் கால்வலிக்கு எந்த விற்பனை நியாயமும் இல்லை. கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருப் பெண் சிப்பந்திகள், விஜி என்ற தையற் தொழிலாளியின் முன்முயற்சியில் உருவான பெண்கூட்டு அமைப்பின் ஊடாக நடத்திய நெடிய போராட்டத்தின் பயனாக, 2018இல் அம்மாநிலக் கடைச் சட்டம் திருத்தப்பட்டு இருக்கை உரிமையாக்கப்பட்டது; 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் அதே உரிமையை வழங்கியது. சென்னை ரங்கநாதன் தெருக் கடைச் சிப்பந்திகளின் வாழ்வைக் காட்டிய வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ திரைப்படம் 2010இல் வெளிவந்திருந்ததால், அந்தச் சட்டம் வந்தபோது அதன் தேவையைத் தமிழகத்து மக்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நாலு பிளாஸ்டிக் நாற்காலி வாங்குவதற்கு ஹட்டனில் சட்டத்துக்காகவோ திரைப்படத்துக்காகவோ காத்திருக்க வேண்டியதில்லை.

வேலை நேரத்தைப் பொறுத்தவரையில் இலங்கையில் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டலாகாது, அதற்கு ஒன்றரை மடங்குக் கூலி கொடுபட வேண்டும். வாரத்துக்கு ஒன்றரை நாள் சம்பளத்துடன் ஓய்வு, ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு ஆகியன உரியன. காலை 8 மணிக்குத் திறந்து இரவு 7.30க்கு மூடும் கடையில், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலத்தைக் கழித்தாலும், ஆறு நாளுக்கு 63 மணித்தியாலம் வருகிறது. சட்டத்தின் மேலதிக நேர எல்லையையும் சேர்த்தால்கூட 57 மணித்தியாலமே அனுமதி. இந்தக் கணக்குக்கு வெளியே இன்னொன்றும் இருக்கிறது. மஸ்கெலியாப் பக்கமோ பொகவந்தலாவைப் பக்கமோ போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட யுவதி முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் காசு அன்றைய கூலியில் பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது. வீட்டில் பெற்றோர் வாசலில் நின்று தவிக்கும் தவிப்புக்கு விலை போட முடியாது. பெண்பிள்ளைகள் கடை வேலையை விட்டு நிற்பதற்கு இந்தப் பஸ் பிரச்சினையே பல வீடுகளில் போதிய காரணமாகிவிடுகிறது.

பொருளியல் சார்ந்த உரிமைகளின் இடம் எது என்பதில் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கின் பெயர் தவறாமல் எடுத்தாளப்படுவதுண்டு. பிற்ஸ்பேர்க் நகரில் சுமார் 200 பொறியியலாளர், கணக்காளர் ஆகியோரை ஆராய்ந்து 1959இல் தம் சகாக்களோடு அவர் வெளியிட்ட நூலில், சம்பளம், மேற்பார்வை, வேலைச் சூழல் என்பன குறைந்தால் அதிருப்தி உண்டாகும் என்றும், அவை நிறைந்தாலும் திருப்தி பிறப்பதில்லை என்றும், சாதனை, பாராட்டு, பொறுப்பு, வளர்ச்சி ஆகியனவே உண்மையான ஊக்கத்தைத் தருகின்றன என்றும் கூறினார். இக்கருத்தைச் சம்பளம் முக்கியமில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்வது பெரும் பிழையாகும். அவர் ஆராய்ந்தவர்கள் மாதச் சம்பளம் உறுதியான, நியமனக் கடிதம் கையிலிருந்த உத்தியோகத்தர். அவர்களுக்கு அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. நியமனக் கடிதமே கிடைக்காத சிப்பந்தியிடம் பாராட்டுரையும் சிறந்த விற்பனையாளர் கேடயமும் கொண்டுபோவது, அத்திவாரம் வெட்டாமல் ஓடு வேய்வதை ஒக்கும்.

அந்த அத்திவாரம் என்ன என்பதும் சட்டத்தில் தெளிவாக உள்ளது. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் மாத வேதனத்தை 10,000 ரூபாவாக நிர்ணயித்தது. பின்வந்த திருத்தங்களில் இறுதியானதன்படி 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபாவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவும் ஆகக்குறைந்த மாத வேதனமாகும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 சதவீதமும் செலுத்த வேண்டும். 30,000 ரூபாச் சம்பளத்தில் முதலாளியின் பங்கு இரண்டுக்கும் சேர்த்து 4,500 ரூபா. தோட்டத்தில் பேர் பதிந்த தாய்க்குக் குறைந்தபட்சம் ஒரு சேமலாப நிதி இலக்கம் இருக்கிறது. அவருடைய மகன் ஏழெட்டு ஆண்டு கடையில் நின்ற பிறகும் அந்த இலக்கம் இல்லாமலே வெளியேறும் வழக்கம் கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளிலும் மலையக நகரங்களிலும் இன்னும் ஒழியவில்லை. மகன் முன்னேறிவிட்டான் என்று தாய் நம்பிக்கொண்டிருக்க, வயோதிபத்துக்கான சேமிப்பில் அவன் அவளைவிடப் பின்தங்கியிருக்கிறான். 

முற்பணத்தின் பெயரால் ஆளைக் கட்டிவைக்கும் வழக்கமும் இதோடு சேர்த்து நோக்கத்தக்கது. கங்காணிக்குப் பட்ட கடனைத் தீர்க்காமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற முடியாதபடி தொழிலாளரைப் பிணித்த துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும், திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ பெற்றோர் வாங்கிய முற்பணம் தீரும்வரை பிள்ளை கடையைவிட்டு விலகக்கூடாது என்ற வாய்மொழி ஏற்பாடு நிலவுமானால், அது அந்தப் பழைய முறையின் எச்சமே. அவசரத்துக்கு உதவும் முதலாளியின் கை நல்ல கை. அந்த உதவி எவ்வளவு, மாதம் எவ்வளவு கழிபடும், இடையில் விலகினால் மீதியை எப்படித் தீர்ப்பது என்பன எழுத்தில் இருந்துவிட்டால் உதவி உதவியாகவே நிற்கும்.

இவ்வளவும் கூறிய பின், உங்களிடம் கேட்கப்படுவது பெருஞ்செலவு பிடிக்கும் சீர்திருத்தமன்று. வேலைக்குச் சேரும் அன்றே நியமனக் கடிதமும், சேமலாப நிதி இலக்கமும், ஆளில்லாத வேளையில் உட்கார ஓர் இருக்கையும் கொடுபட வேண்டும். அதற்கு அப்பால் முக்கியமானது, முகப்பில் நிற்பவரின் கையில் ஒரு சிறு அதிகாரத்தை ஒப்படைப்பதாகும். ஒரு பில்லுக்கு இவ்வளவு சதவீதம்வரை முதலாளியைக் கேளாமலே கழிவு கொடுக்கலாம் என்றும், அளவு சரியில்லாத உடுப்பை இத்தனை நாளுக்குள் சிப்பந்தியே மாற்றிக் கொடுக்கலாம் என்றும் விதி வகுத்து, அந்த எல்லைக்கு மேல் முதலாளியும் இறங்குவதில்லை என்ற கட்டுப்பாட்டைத் தானும் காப்பாற்றினால், முன்னர் விவரித்த தீபாவளிக் காட்சியில் அந்தத் தாய்க்குக் கழிவைக் கொடுப்பவர் அடுத்த டிவிசன் பிள்ளையாகவே இருப்பார். அப்போது கடைக்கு ஏற்படும் செலவு அதே இருநூறு ரூபாதான். நன்றி மட்டும் இடம் மாறும். சிப்பந்தி தன் எல்லைக்குள் எடுத்த முடிவை எல்லார் முன்னிலையிலும் மாற்றாதிருப்பதும், தகாத வார்த்தை பேசும் வாடிக்கையாளரை எதிர்கொள்ளச் சிப்பந்தியைத் தனியே விடாமல் முதலாளியோ மனேஜரோ எழுந்து வருவதும் இதே விதியின் பகுதிகள்.

லீவு ஒழுங்கும் இவ்வாறே முன்கூட்டித் தீர்மானிக்கப்பட வேண்டியதாகும். ஊருக்கெல்லாம் தீபாவளி உடுப்பு விற்றுவிட்டுத் தன் வீட்டுத் தீபாவளிக்கு விடிந்த பிறகு போய்ச் சேரும் சிப்பந்தியின் குறை, ஆண்டு முழுவதும் கொடுக்கும் கொமிஷனால் ஈடாவதில்லை. புதுச் சரக்கு இறங்கும் வாரத்திலேயே, யார் எந்த நாள் லீவு, முந்திய நாள் மாலை யார் எத்தனை மணிக்குப் புறப்படலாம், கடைசிவரை நிற்பவர்களை அவரவர் தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கும் வான் எது என்பவற்றை எழுதி, பில் மேசைக்குப் பின்னால் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவிடலாம். நேரத்தோடு புறப்படுவோர் வரிசையில், சென்ற ஆண்டு கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவரின் பெயர் முதலில் வர வேண்டும்.